ஃபின்மார்க்குக்குப் பிள்ளைகளைக் கூட்டி வாருங்கள்

நோர்வேயில் இயங்கும் தமிழ்ப் பாடசாலைகளின் நிர்வாகிகள், ஆசிரியர்கள், பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

வரங்கர் ஃபியோர்ட் என்ற கடற்கழியின் கரையிலிருந்து எழுதுகிறேன். கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். பிள்ளைகளுக்காக நீங்கள் ஒழுங்கு செய்யும் சுற்றுலாக்களிலும் விடுமுறை முகாம்களிலும் ஒன்றை நோர்வேயின் வடகோடி மாகாணமான இந்த ஃபின்மார்க்கில் வையுங்கள். வடமுனைப் பாறையில் நின்று படம் எடுத்துவிட்டு மறுநாள் விமானம் ஏறுகிற பயணத்தைச் சொல்லவில்லை. ஒரு கிழமையாவது தங்க வேண்டும். பிள்ளைகள் மீன் பிடிக்க வேண்டும். பிடித்த மீனைத் தாங்களே வெட்டிக் கழுவிச் சமைத்துச் சாப்பிட வேண்டும். அதோடு, நாங்கள் இங்கே வாழ்ந்த வருடங்களைப் பாடத்திலும் சேர்க்க வேண்டும்.

தமிழ்ப் பாடசாலைக்கும் மீன் பிடிக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்பீர்கள். நிறையச் சம்பந்தம் இருக்கிறது. யாழ்ப்பாணத்துக் குருநகரிலிருந்து 1956இல் நோர்வேக்கு வந்த அன்ரனி இராஜேந்திரம்தான் இந்த நாட்டுக்கு வந்த முதல் தமிழர் என்று நம் ஆட்கள் சொல்வார்கள். அவர் முன்னின்று நோர்வே மக்களின் உதவியோடு தொடங்கிய சீநோர் நிறுவனம் காரைநகரில் படகு கட்டியது, குருநகரில் வலை செய்தது. நமக்கும் இந்த நாட்டுக்கும் உறவு உண்டானதே மீனால்தான். பிறகு 1980களின் நடுப்பகுதியிலிருந்து தஞ்சம் கேட்டு வந்தவர்கள் வேலை தேடிப் போய்ச் சேர்ந்த இடங்கள் எவை? வார்டோ, போட்ஸ்ஃபியோர்ட், மேஹாம்ன், ஹொன்னிங்ஸ்வோக், ஹம்மர்ஃபெஸ்ட் என்று இந்தக் கரையோரத் துறைமுகங்கள்தான். உள்ளூர் ஆட்கள் தெற்கே போய்க்கொண்டிருந்த காலம் அது. மீன் வெட்ட ஆள் வேண்டியிருந்தது. நாங்கள் இருந்தோம். ஒஸ்லோவிலும் பேர்கனிலும் இன்று வீடு வாங்கி இருக்கும் எத்தனையோ குடும்பங்களின் முதல் சம்பளம் இந்தக் கரையில் வாங்கியது. இலங்கைக்கு அனுப்பிய முதல் காசும் இங்கிருந்து போனதுதான்.

இதைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். "குளிரிலும் இருட்டிலும் நின்று மீன் வெட்டினோம், கை மரத்துப் போகும், உடுப்பெல்லாம் மீன் மணம், நீயாவது ஒழுங்காகப் படி." அனேகமான வீடுகளில் இவ்வளவுதான். இதில் பொய் ஒன்றும் இல்லை. நானும் மீன் சதை சீவும் மேசையில் வருடக்கணக்காக நின்றவள். தோள்மூட்டு இன்றைக்கும் நோகும். ஆனால் இதை மட்டும் கேட்டு வளரும் பிள்ளைக்கு ஃபின்மார்க் என்பது அப்பா அம்மா தப்பி வந்த இடமாகவே மனதில் பதிந்துவிடும். எங்கள் மூத்த பிள்ளை பிறந்த மண்ணை அப்படி விட எனக்கு மனம் வரவில்லை.

இலங்கைத் தீவின் முக்கால்வாசிப் பரப்பு இந்த மாகாணம். இருப்பவர்கள் ஏறத்தாழ 75,000 பேர். மீதி எல்லாம் கல்லும் பாசியும் குட்டைப் பேர்ச் மரமும் எண்ணி முடியாத ஏரிகளும். இங்கே பருவம் மாறுவதை நாட்காட்டியில் பார்க்கத் தேவையில்லை. நாம் படித்த பெரும்பொழுது ஆறு. இங்கே கலைமான் மேய்க்கும் பூர்வகுடிகளான சாமி இன மக்கள் வருடத்தை எட்டாகப் பகுத்து வைத்திருக்கிறார்கள். குளிர்காலத்துக்கும் இளவேனிலுக்கும் இடையில் ஒன்று, இளவேனிலுக்கும் கோடைக்கும் இடையில் ஒன்று என்று. கொஞ்ச வருடம் இருந்து பார்த்தால் எட்டுத்தான் சரி என்று உங்களுக்கே விளங்கும்.

தை மாதத்தில் தொடங்குகிறேன். வார்டோவில் நவம்பர் 20ஆம் தேதி தாண்டியதும் மறைகிற சூரியன் ஜனவரி 20ஐ ஒட்டித்தான் திரும்ப வரும். அதனால் தைப்பொங்கலன்று அங்கே சூரியன் அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. அப்படியும் நாங்கள் பொங்கினோம். காலையில் குசினி அடுப்பில் பானை வைத்து, பால் பொங்கியதும் தென்கிழக்கு யன்னலைத் திறந்து, சூரியன் இருக்கிற திசையைப் பார்த்துப் படைத்தோம். பகல் பதினொரு மணிக்கு அந்தத் திசையில் நீலமும் ரோசாவும் கலந்த ஒரு வெளிச்சம் வரும், ஒன்றிரண்டு மணி நேரம் நிற்கும், போய்விடும். அதற்குப் பிறகு ஒரு நாள் கோட்டையில் பீரங்கி முழங்கும். வார்டோஹுஸ் கோட்டையிலிருந்து பார்க்கும்போது சூரியனின் முழு வட்டமும் தெரிந்தால் வெடி போடுவது அந்த ஊர் வழக்கம். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அன்றைக்கு விடுமுறை. சூரியன் வந்ததற்கு விடுமுறை விடுகிற ஊரில் பொங்கல் வைத்தவர்கள் நாங்கள். இதை ஏன் ஒரு பிள்ளையும் பொங்கல் விழா மேடையில் சொல்வதில்லை? பேச்சுப்போட்டிக்கு இதைவிட நல்ல தலைப்பு எங்கே கிடைக்கும்?

வெளிச்சம் கூடக் கூட மனிதர் உள்நாட்டு ஏரிகளுக்குப் போகத் தொடங்குவார்கள். மார்ச், ஏப்ரல் மாதங்களில் ஏரிப் பனி உறுதியாக இருக்கும், பகல் நீளமாக இருக்கும். ஈஸ்டர் விடுமுறை என்றால் ஊரே ஏரியில்தான். இந்த மீன்பிடியை எனக்குப் பழக்கியவர் மேசையில் எனக்குப் பக்கத்தில் நின்று மீன் வெட்டிய ஒரு சாமி இன அம்மா. என் நோர்வேஜிய மொழியும் அப்போது அரைகுறை, அவருக்கும் கதை குறைவு. ஒரு சனிக்கிழமை வாசலில் பனி ஸ்கூட்டரை நிறுத்தி ஹோர்ன் அடித்தார். பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போய் ஏறிவிட்டேன்.

பனியில் துளை போடுவதற்குத் திருகாணி போல ஒரு பெரிய துறப்பணம் இருக்கிறது. இப்போது பற்றறியில் ஓடுகிறது, அப்போது கையால்தான் சுற்ற வேண்டும். கடும் குளிர் அடித்த வருடங்களில் பனி நெஞ்சளவுக்கு இருக்கும். சுற்றச் சுற்ற வெள்ளைச் சீவல் மேலே வந்து குவியும், பிறகு திடீரென்று கை இலேசாகும், கருந்தண்ணீர் பொங்கி மேலே வரும். துளையில் மிதக்கும் சீவலை ஓட்டைக் கரண்டியால் அள்ளி எறிய வேண்டும், இல்லாவிட்டால் கொஞ்ச நேரத்தில் மூடிவிடும். தூண்டில்தடி ஒரு முழம் இருந்தால் போதும். கொக்கியில் வெள்ளைப் புழு. புழு உறைந்துபோகாமல் இருக்க டப்பாவைச் சட்டைக்குள் மார்போடு வைத்திருப்பார்கள். ஈயம் அடியைத் தொட்டதும் ஒரு சாண் தூக்கி, இலேசாக ஆட்டி, பிறகு அசையாமல் வைக்க வேண்டும். கலைமான் தோலை விரித்துக் குப்புறப் படுத்து, தலையை மூடி வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு துளைக்குள் பார்த்தால் அடிமணலும் கல்லும் தெரியும். புழுவுக்குப் பக்கத்தில் மீன் வந்து நின்று யோசிப்பதும் தெரியும். என் பிள்ளைகளை அந்தத் துளையிலிருந்து எழுப்பிச் சாப்பிட வைப்பது பெரும் பாடு.

இங்கே ஏரியில் பிடிபடும் மீன் றோயே. சல்மன் குடும்பம்தான். முதுகு கருத்து, உடம்பில் வெளிறிய புள்ளிகள், வயிறு சிவப்பு, செட்டையின் முன்விளிம்பில் சுண்ணாம்புக் கோடு போட்டது மாதிரி ஒரு வெள்ளை. அந்த வெள்ளையைப் பார்த்துத்தான் ட்ரவுட்டையும் றோயேயையும் பிரித்தறிவார்கள். அந்த அம்மா வெண்ணெயும் உப்பும் மட்டும் போட்டுப் பொரிப்பார். நான் மிளகாய்த்தூளும் மஞ்சளும் ஒரு சின்னப் போத்தலில் கொண்டு போவேன். அவர் அடுத்தடுத்த வருடங்களில் என் போத்தலைத்தான் முதலில் கேட்பார்.

இதில் முக்கியமாகச் சொல்ல வேண்டியது நம் வீட்டு ஆண்களைப் பற்றி. இரண்டு வேலை, இரவு வேலை என்று ஓடியவர்கள். வீட்டில் பிள்ளைகளோடு கதைக்க அவர்களுக்கு நேரமும் இல்லை, பழக்கமும் இல்லை. அதே மனிதர் பனியில் ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து தூண்டிலைப் பிடித்தார் என்றால் பேச்சு தானாக வந்துவிடும். என் கணவர் யாழ்ப்பாணத்து மீன்பிடி ஊரான மயிலிட்டிக்காரர். தன் அப்பாவோடு விடியப்புறம் கடலுக்குப் போனது, கரைவலை இழுத்தவர்களுக்குப் பங்கு பிரித்தது, சூடை மீனைச் சுட்டுத் தின்றது, எல்லாவற்றையும் எங்கள் பிள்ளைகள் கேட்டது ஒரு வரங்கர் ஏரியின் மேலே இருந்துதான். எதிரே திரை இல்லை, தொலைபேசி எடுக்காது, மீனும் உடனே வராது. ஊர்க்கதை சொல்ல அதைவிட வசதியான இடத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. தமிழ் பேச வைக்கப் பாடத்திட்டம் தேடுகிறவர்கள் இதைக் கவனியுங்கள்.

ஏப்ரல் வந்தால் கடல் மாறும். லொட்டெ என்ற சிறு மீன் முட்டையிட ஃபின்மார்க் கரைக்குக் கூட்டமாக வரும், அதைத் தின்ன தொர்ஸ்க் என்ற கொட் மீன் பின்னால் வரும், இரண்டையும் பார்த்துக் கடற்பறவை எல்லாம் வரும். வார்டோவுக்கு முன்னால் இருக்கும் ஹொர்னோயா தீவில் பல்லாயிரம் பறவைகள் பாறை விளிம்புகளில் தோளோடு தோள் ஒட்டி நிற்பதை அந்த நேரம் பார்க்கலாம். சத்தமும் மணமும் படகு கரை தட்டுவதற்கு முன்பே வந்துவிடும். சிறகு விரித்தால் கைக்கெட்டும் தூரத்தில் பஃபின் பறவை பறந்து போகும். பறவைப் பாடத்தைப் படம் காட்டி நடத்துவதும் இதுவும் ஒன்றாகுமா?

தொர்ஸ்க்கைத் தூண்டிலில் பிடிக்கப் பெரிய வித்தை தேவையில்லை. கடலில் தூண்டில் போட அனுமதி அட்டையும் வேண்டாம். துறைமுகத்து இறங்குதுறையில் நின்றே பிள்ளைகள் பிடிப்பார்கள். ஆனால் நான் காட்ட விரும்புவது வேறொன்று. வட நோர்வேயில் தொர்ஸ்க்கின் நாக்கு வெட்டுவது பிள்ளைகளின் வேலை. அப்பா அம்மா வெட்டினால் அது சரியில்லை, பிள்ளைகளின் உரிமை அது. பள்ளிக்கூடம் விட்டதும் ஓடி வந்து, மஞ்சள் நிற எண்ணெய்த்துணி உடுப்புக்குள் புகுந்து, வெட்டிய தலைகள் நிறைந்த பெட்டிக்கு முன்னால் நிற்பார்கள். மேசையில் நிமிர்ந்து நிற்கும் ஓர் ஆணியில் தலையைக் குத்தி, தாடைக்குக் கீழே கத்தியை ஓட்டி, ஒரு திருப்பில் நாக்கை எடுத்து வாளியில் போட்டு, தலையை அடுத்த பக்கம் தள்ளிவிடுவார்கள். பத்து வயதுப் பிள்ளையின் கைவேகத்தைப் பார்த்தால் மேசையில் காலம் கழித்த எனக்கே வியப்பாக இருக்கும். விற்ற காசு அவர்களுக்கே. அதில் சைக்கிள் வாங்கிய பிள்ளைகளில் நம் பிள்ளைகளும் இருந்தார்கள். என் இரண்டாவது மகள் அப்படி நின்றபோதுதான் அந்த ஊர்ப் பிள்ளைகள் அவளைத் தங்களில் ஒருத்தியாகச் சேர்த்தார்கள். பள்ளிக்கூடத்தில் அதுவரை அவளோடு ஒருவரும் கதைத்ததில்லை என்பதை அதற்குப் பிறகுதான் எங்களிடம் சொன்னாள். அந்த நாக்கை மாவில் பிரட்டிப் பொரித்தால் நம் ஆட்கள் இரண்டாம் தரம் கேட்பார்கள்.

அதே நேரத்தில் கரையெல்லாம் மரச்சட்டங்களில் மீன் தொங்கும். வாலோடு வால் சேர்த்துச் சோடியாகக் கட்டி, உப்புத் தொடாமல், காற்றிலும் குளிரிலும் மட்டும் மாதக்கணக்கில் காய வைப்பார்கள். நம் கருவாட்டுக்கு உப்பும் வெயிலும் வேண்டும். இங்கே இரண்டும் இல்லாமல் காய்கிறது. ஈ பிறப்பதற்கு முன்னால் காய்ந்துவிட வேண்டும் என்பதுதான் கணக்கு. தலைகளையும் வீசுவதில்லை, காய வைத்து நைஜீரியாவுக்கு அனுப்புகிறார்கள். கருவாட்டுக் குழம்பு பிடிக்காத பிள்ளைகூட அந்தச் சட்டங்களுக்குக் கீழே நடந்து போகும்போது கேள்வி கேட்கத் தொடங்கும். அம்மம்மாவை வீடியோவில் கூப்பிட்டு அதைக் காட்டினால், அவர் இன்னும் பத்துக் கேள்வி கேட்பார்.

கோடையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, அதைத்தான் எல்லோரும் பார்க்க வருகிறீர்கள். மே நடுப்பகுதியிலிருந்து ஜூலை கடைசிவரை சூரியன் மறையாது. நுளம்பும் மறையாது. ஆனால் கோடையில் ஒரு கவலையும் இருக்கிறது, அதைப் பிள்ளைகள் தெரிந்துகொள்வது நல்லது.

நோர்வேக்கும் பின்லாந்துக்கும் எல்லையாக ஓடும் தானா ஆறு அத்திலாந்திக் சல்மனுக்கு உலகப் பெயர் பெற்றது. தூண்டிலில் பிடிபட்ட அத்திலாந்திக் சல்மன்களில் மிகப் பெரியது என்று சொல்லப்படுவதும் இதில்தான், 1928இல், 36 கிலோ. ஆற்றங்கரைச் சாமி குடும்பங்களுக்குச் சல்மன் சோறு மட்டுமில்லை. வேலி போட்டு மீனை வழிமறிப்பது, ஓட்டத்தோடு வலையை மிதக்க விடுவது, நீண்ட ஒடுங்கிய வள்ளத்தில் தடி ஊன்றிப் போவது, எந்த வளைவு யாருடைய பாடு என்ற வழக்கு, எல்லாம் தாத்தாவிடமிருந்து பேரனுக்குப் போனவை. மீன் குறைந்துகொண்டே வந்து, 2021இல் இரு நாடுகளும் சல்மன் பிடிப்பதை முழுதாக நிறுத்தின. அடுத்தடுத்த கோடைகளிலும் தடை தொடர்ந்தது. போதாததற்கு, சோவியத் காலத்தில் ரஷ்யாவின் கோலா பக்கத்து ஆறுகளில் கொண்டு வந்து விட்ட பசிபிக் இளஞ்சிவப்புச் சல்மன், 2017 தொடங்கி ஒற்றைப்படை வருடங்களில் பெருங்கூட்டமாக இந்த ஆறுகளுக்குள் ஏறுகிறது. முட்டையிட்டதும் செத்து ஆற்றிலேயே அழுகும் இனம் அது.

எனக்கு மேசையில் பக்கத்தில் நின்ற அம்மாவின் பேரன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். வள்ளம் கொட்டிலில் இருக்கிறது, வலை சுவரில் தொங்குகிறது, அவன் தாத்தாவோடு சல்மனுக்குப் போனதே இல்லை. மயிலிட்டி ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1990இல் இடம்பெயர்ந்தவர்களின் துறைமுகத்தை இராணுவம் 2017இல்தான் விட்டது. அந்த இடைவெளியில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு எந்தக் காற்றுக்கு எந்த மீன், எந்த நட்சத்திரம் எழும்பினால் வலை எடுப்பது என்று யார் சொல்லிக் கொடுத்தார்கள்? காரணம் வேறு வேறு. அங்கே இராணுவம், இங்கே மீனே குறைந்துவிட்டது. மீன் பெருக வேண்டும் என்றால் நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்பதும் எனக்கு விளங்குகிறது. ஆனாலும் ஒரு குடும்பத்தின் தொழிலறிவு அறுந்து போவதற்குப் பெரிய காலம் தேவையில்லை என்பதை இரண்டு கரையிலும் பார்த்துவிட்டேன். நம் பிள்ளைகளும் அந்தப் பேரனும் ஆற்றங்கரையில் ஒரு பின்னேரம் சேர்ந்து இருந்தால், அவர்களுக்குள் கதைக்க நிறைய இருக்கும். ஊர் இழந்த கதையை நம் பிள்ளைகள் எப்போதும் தங்கள் கதையாக மட்டுமே சொல்லிப் பழகியிருக்கிறார்கள். மற்றவர்களின் கதையையும் கேட்கட்டும்.

ஜூலை கடைசியிலும் ஆகஸ்ட்டிலும் சதுப்பு நிலத்தில் முல்தெ பழம் பழுக்கும். முதலில் சிவந்து, பிறகு மஞ்சளாகி, கை வைத்தால் கழன்று வரும். ஒரு செடிக்கு ஒரே பழம். நல்ல இடத்தை யாரும் வெளியில் சொல்ல மாட்டார்கள், சொந்த மருமகளுக்கே பல வருடம் கழித்துத்தான் காட்டுவார்கள். என்னையும் அப்படித்தான் கூட்டிப் போனார்கள், அந்த இடத்தை இந்த மடலிலும் எழுதப் போவதில்லை. செப்டெம்பரில் பேர்ச் இலைகள் மஞ்சளாகி நிலம் முழுக்கச் செம்பட்டை நிறமாகும். கோடைக்குக் கரையோரம் வந்த கலைமான் கூட்டங்கள் உள்நாட்டுக்குத் திரும்பும். வாகனத்தை நிறுத்திவிட்டு வழி விட வேண்டியதுதான், சாவகாசமாகக் கடக்கும்.

ஒக்டோபர், நவம்பரில் இங்கே வருவது யாருக்கும் தோன்றாது. ஆனால் பெரிய வகுப்புப் பிள்ளைகளை ஒரு தடவையாவது அப்போது கொண்டு வாருங்கள் என்பேன். 1944 ஒக்டோபரில் பின்வாங்கிய ஜேர்மன் படை இந்த மாகாணத்தை எரித்துக்கொண்டே போனது. வீடு, பள்ளிக்கூடம், தேவாலயம், படகு, தொலைபேசிக் கம்பம் என்று பெரும்பாலும் எதையும் விடவில்லை. எரிந்த வீடுகள் மட்டும் 11,000 அளவில். ஐம்பதாயிரம் பேர் வரை கட்டாயப்படுத்தித் தெற்கே அனுப்பப்பட்டார்கள். போக மறுத்தவர்கள் ஆயிரக்கணக்கில் குகைகளிலும் மண்குடில்களிலும் கவிழ்த்த படகுகளுக்குக் கீழேயும் அந்தக் குளிர்காலத்தைக் கழித்தார்கள். போர் முடிந்ததும், இன்னும் திரும்பாதீர்கள் என்று அரசு சொன்னதையும் கேளாமல் சனம் திரும்பி வந்து, கிடைத்த பலகையில் குடிசை போட்டு, மீன்பிடியைத் தொடங்கியது.

1995 ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சிப் பக்கம் நடந்த செய்தியை நாங்கள் இங்கே வானொலியில் கேட்டோம். எங்களுக்கு வீட்டின் மேல்மாடியை வாடகைக்குத் தந்திருந்த வயதான அம்மா மேலே ஏறி வந்தார். 1944இல் சிறுபிள்ளையாகப் படகில் ஏற்றப்பட்டவர். எங்கள் அம்மாவும் தங்கைகளும் எங்கே என்று தெரியாமல் நான் இருந்த அந்த இரவில், அவர் வேறு ஒன்றும் சொல்லவில்லை. அடுப்பை மூட்டி, மீன் சூப் வைத்து, நாங்கள் சாப்பிடும்வரை உட்கார்ந்திருந்தார். இந்த ஊர் ஆட்கள் பேச்சில் குறைச்சல்தான். ஆனால் வீடு எரிவது என்றால் என்ன என்று அவர்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தமிழ்ப் பாடசாலையின் வரலாற்றுப் பாடத்தில் இந்த இரண்டு ஒக்டோபரும் அடுத்தடுத்த பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

சரி, இனி நீங்கள் சொல்லக்கூடிய தடைகளுக்கு வருகிறேன்.

செலவு கூடும் என்பீர்கள். கூடத்தான் செய்யும். ஆனால் ஒஸ்லோவிலிருந்து இங்குள்ள கிர்க்கெனஸ் நகருக்கு விமானத்தில் இரண்டு மணி நேரம்தான், வேளைக்கே பதிவு செய்தால் விலையும் தாங்கும். பெரிய விடுதி தேவையில்லை. பள்ளிக்கூட மண்டபங்களையும் ஊர்ச் சங்க வீடுகளையும் பிள்ளைகள் குழுவுக்குக் குறைந்த வாடகையில் தருவார்கள். சமைக்க நாங்கள் இருக்கிறோம். இந்தக் கரையில் இன்னும் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன, வருகிற பிள்ளைகளைப் பார்க்க ஆசைப்படுகிறார்கள்.

பனியும் கடலும் ஆபத்து என்பீர்கள். அதுவும் உண்மை. அதனால்தான் தெரிந்தவர்களோடு போக வேண்டும். திடமான தெளிந்த பனி பத்துச் சென்ரிமீற்றராவது இல்லாமல் யாரும் ஏரியில் கால் வைக்கக் கூடாது. ஆறு நுழையும் இடமும் வெளியேறும் இடமும் எப்போதும் நம்ப முடியாதவை. கழுத்தில் பனிக்குத்தி தொங்க வேண்டும், தண்ணீருக்குள் விழுந்தால் விளிம்பில் குத்தி ஏற அதுதான் உதவும். வருடங்கள் போகப் போகக் குளிர் பிந்தி வருகிறது, பனியும் பிந்தி உறைகிறது. முன்பு நவம்பரில் கண்ணை மூடிக்கொண்டு நடந்த ஏரிகளில் இப்போது துளை போட்டு அளந்துவிட்டுத்தான் நடக்கிறோம். படகில் ஏறினால் ஒருவர் விடாமல் மிதவைச் சட்டை. பிள்ளைகளுக்கு இவற்றைச் சொல்லிக் கொடுப்பதும் படிப்புத்தான்.

உயிரைக் கொல்வதா என்று கேட்கும் குடும்பங்கள் இருக்கும். அவர்களை நான் வற்புறுத்தமாட்டேன், அந்தப் பிள்ளைகள் பழம் பறிக்கலாம், பறவை பார்க்கலாம். ஆனால் கடையில் தோலுரித்துப் பெட்டியில் அடைத்த மீனை வாங்கிச் சாப்பிடுகிற வீட்டுப் பிள்ளை, ஒரு மீனைத் தன் கையால் பிடித்து, தலையில் ஒரே அடியாக அடித்து வலி தெரியாமல் முடித்து, குடலெடுத்துக் கழுவுவது தேவை என்று நினைக்கிறேன். அப்படிச் செய்த பிள்ளை தட்டில் மீனை மிச்சம் விடாது.

ஒழுங்குகளும் உண்டு. 2005இல் வந்த ஃபின்மார்க் சட்டத்தால் இந்த மாகாணத்து நிலத்தின் மிகப் பெரும்பகுதி அரசிடமிருந்து ஃபின்மார்க் மக்களின் பொது உடைமைக்கு மாறியது. ஏரியில் தூண்டில் போட வெளி மாகாணத்தார் அதற்குரிய அனுமதி அட்டையைப் பார்த்து வாங்க வேண்டும், முல்தெ பறிப்பதற்கும் கட்டுப்பாடு இருக்கிறது. மே மாதத்தில் கலைமான்கள் கன்று ஈனும் இடங்களுக்குக் கிட்டப் போகக் கூடாது. அட்டைகளையும் இடங்களையும் நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

அப்புறம் ஒன்று, இதற்குச் செலவே இல்லை. இங்கே வேலை செய்த முதல் ஆட்கள் இப்போது ஓய்வூதிய வயதில் இருக்கிறார்கள், சிலர் போய்விட்டார்கள். உயர்வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கு ஒருவரைப் பிடித்து, எந்த ஊரில் இறங்கினார்கள், எந்த மேசையில் நின்றார்கள், யார் முதலில் வீட்டுக்குக் கூப்பிட்டார்கள், என்ன மீன் பிடித்தார்கள் என்று கேட்டுத் தமிழில் எழுதி வரட்டும். படங்களும் இருக்கும். வெள்ளைத் தொப்பியும் இறப்பர்ச் சப்பாத்தும் போட்டு வரிசையாக நின்று எடுத்த படம் இல்லாத வீடு இருக்காது. பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள்.

முதல் குழுவாக ஈஸ்டர் விடுமுறைக்கு வாருங்கள் என்று அழைக்கிறேன். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட இருபது பிள்ளைகள், நான்கைந்து பெரியவர்கள் என்றால் சமாளிக்கலாம். பெரியவர்களில் இரண்டு பேராவது முன்பு இங்கே வேலை செய்தவர்களாக இருந்தால் நல்லது, அவர்களுக்கும் வர வேண்டும் போல இருக்கும். துறப்பணம், தூண்டில், கலைமான் தோல், பனிக்குத்தி எல்லாம் இங்கே இருக்கின்றன. பிள்ளைகளுக்கு உள்ளே போடக் கம்பளி உடுப்பு இரண்டு சோடி கட்டாயம், பருத்தி வேண்டாம், நனைந்தால் குளிர் ஏறிவிடும். சப்பாத்து ஒரு அளவு பெரிதாக இருக்கட்டும், இரண்டு காலுறை போட வேண்டி வரும். ஈஸ்டருக்குத் தங்குமிடங்கள் வேளைக்கே நிரம்பிவிடும் என்பதால் தைப்பொங்கலுக்குள் முடிவு சொன்னால் மண்டபத்தைப் பிடித்து வைப்பேன். சரக்குத்தூள் மட்டும் ஒஸ்லோவிலிருந்து கொண்டு வாருங்கள், இங்கே நல்லது கிடைப்பதில்லை.

அன்புடன்,
வரங்கர் கரையில் வாழும் ஒரு தமிழ்த் தாய்